சப்ஸ்டன்ஸ் பி-யில் 'பி' என்றால் பெயின் இல்லை: தண்டுவட நியூரோபெப்டைடு ஏற்பிகள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பிசியோதெரபி, நர்சிங் மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் தண்டுவடப் பாடம் வந்தால் அதே சந்தேகங்கள், அதே முகச்சுளிப்பு. வகுப்புக்கு வெளியிலும் விடுவதில்லை, சிசேரியன் முடிந்து வந்த நாத்தனார் முதல் மூட்டுவலிக்கார மாமா வரை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை "அதைப் படிச்சிட்டு வா" என்று சொல்லிவிடலாமே என்ற சோம்பேறித்தனத்தில் எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். ஏற்பி என்று வரும் இடத்திலெல்லாம் ரிசெப்டர் என்று படித்துக்கொள்ளலாம், நானே வகுப்பில் மாற்றி மாற்றித்தான் சொல்கிறேன்.

நியூரோபெப்டைடுன்னா என்ன மேடம், புரோட்டீன் மாதிரியா?

அதே சரக்குதான், ஆனால் குட்டி. அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம். புரோட்டீன் என்றால் மணிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். என்கெஃபலினில் ஐந்தே ஐந்து, சப்ஸ்டன்ஸ் பி-யில் 11, பின்னால் வரப்போகிற சி.ஜி.ஆர்.பி-யில் 37. இப்படி ஒரு சரத்தை நரம்பு செல் தயாரித்து, பைகளில் அடைத்து, வேண்டிய நேரத்தில் வெளியே விட்டால் அது நியூரோபெப்டைடு.

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல விடுகிற, குளூட்டமேட் போன்ற வேகமான ரசாயனங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளூட்டமேட்டை நரம்பு முனையிலேயே திரும்ப நிரப்பிக்கொள்ளலாம், வெளியே விட்டதைப் பொறுக்கிக்கொள்ளவும் வழி உண்டு. பெப்டைடுக்கு அந்த வசதி கிடையாது. செல்லின் உடலில் செய்து முனை வரைக்கும் சுமந்து வரவேண்டும், விட்டது விட்டதுதான், அக்கம்பக்கத்து என்சைம்கள் வெட்டிப் போட்டுவிடும். அதனாலோ என்னவோ நரம்பு இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும். ஒன்றிரண்டு துடிப்புக்கு குளூட்டமேட் மட்டும் வரும், சடசடவென்று துடிப்புகள் தொடர்ந்து வந்தால்தான் பெப்டைடுப் பை திறக்கும்.

பூட்டு-சாவின்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ரிசெப்டர்னா அவ்வளவுதானா?

சாவி பொருந்துவது வரை சரி. அதற்கப்புறம் நடப்பதைப் பூட்டும் சாவியும் சொல்வதில்லை. பெப்டைடு ஏற்பி என்பது பெரும்பாலும் செல்லின் சவ்வை ஏழு முறை ஊசிநூல் போல உள்ளும் வெளியுமாகத் தைத்துக்கொண்டு நிற்கிற ஒரு புரோட்டீன். வெளியே பெப்டைடு வந்து உட்கார்ந்ததும் அது லேசாக முறுக்கிக்கொள்ளும், உடனே உள்பக்கம் காத்திருக்கிற ஜி-புரோட்டீன் கிளம்பும். அது போய்ச் செய்கிற வேலை ஏற்பிக்கு ஏற்பி மாறும். சிலது செல்லை உசுப்பிவிடும், சிலது அடக்கி உட்கார வைக்கும்.

குளூட்டமேட்டின் வேலை சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும், பெப்டைடு வேலை நிமிடக்கணக்கில் இழுக்கும். வகுப்பில் நான் சொல்வது: குளூட்டமேட் கண்டக்டர் விசில், ஊதியதும் பஸ் நகரும். பெப்டைடு சம்பளப் பாக்கி, அன்றைக்குப் பூரா டிரைவர் வண்டி ஓட்டுகிற விதமே வேறாக இருக்கும்.

வலி நரம்பு செல் தண்டுவடத்துக்குள்ளதானே இருக்கு?

பரீட்சையில் பாதிப்பேர் இதில்தான் மார்க்கை விடுகிறார்கள். தோலிலிருந்து செய்தி கொண்டுவருகிற உணர்வு நரம்பு செல்லின் உடல் தண்டுவடத்துக்குள் இல்லை, வெளியே முதுகெலும்புகளுக்கு இடையில், பின்வேர் முடிச்சு என்கிற சின்ன வீக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு காம்பு கிளம்பி இரண்டாகப் பிரியும். ஒன்று தோலுக்கு, ஒன்று தண்டுவடத்தின் பின்கொம்புக்கு (தண்டுவடத்துச் சாம்பல் பகுதியின் பின்பக்கம்). ஆக ஒரே செல், இரண்டு முனை. கால் கட்டைவிரலுக்குப் போகிற செல் என்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். பெப்டைடு முடிச்சில் தயாராகி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 மில்லிமீட்டர் வேகத்தில் இரண்டு பக்கமும் போகும், விரலுக்குப் போய்ச்சேர இரண்டரை நாளாவது ஆகும்.

சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டபோது கவனித்திருக்கிறீர்களா? முதலில் சுரீர் என்று ஒன்று, அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு கணம், அதற்கப்புறம்தான் விண் விண் என்று எரிச்சலோடு வருவது. சுரீருக்குக் காரணம் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகமுள்ள ஏ-டெல்டா இழைகள். பின்னால் ஆடி அசைந்து வருவது சி இழைகள், வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நடக்கும். நாம் பேசுகிற பெப்டைடுகள் பெரும்பாலும் இந்த மெதுவான கோஷ்டியிடம்தான் இருக்கின்றன.

அப்போ ரிசெப்டர் எங்க இருக்கு, கொடுக்குற செல்லுலயா வாங்குற செல்லுலயா?

இரண்டிலும். எந்த ஏற்பி என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். தண்டுவடத்தின் சாம்பல் பகுதியை ரெக்செட் என்பவர் 1952-இல் பூனைகளில் பார்த்து அடுக்கடுக்காகப் பிரித்தார், மொத்தம் பத்து. வலி இழைகள் வந்து முடிவது முக்கியமாக மேலே உள்ள முதல் இரண்டு அடுக்குகளில். முதல் அடுக்கிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிற செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் சப்ஸ்டன்ஸ் பி-க்கான என்கே-1 ஏற்பி இருக்கிறது (எலியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கு). இது வாங்குகிற பக்கம்.

மார்ஃபின் உட்காருகிற மியூ ஏற்பி இரண்டு பக்கமும் உண்டு. கொடுக்கிற முனையில் அது கால்சியம் வரும் வழியை மூடும், கால்சியம் வராவிட்டால் பை திறக்காது. வாங்குகிற செல்லில் பொட்டாசியக் கதவைத் திறந்துவிடும், செல் சுலபத்தில் துடிக்காது. பேசுபவர் வாயையும் பொத்தி, கேட்பவர் காதையும் பொத்துகிற மாதிரி. மார்ஃபினின் பலம் இந்த இரட்டைப் பிடியில்தான்.

சப்ஸ்டன்ஸ் பி-ல 'பி'ன்னா பெயின்தானே மேடம்?

இல்லை. தயவுசெய்து இல்லை. 1931-இல் லண்டனில் வான் ஆய்லரும் காடமும் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் ஒரு சாற்றை எடுத்தார்கள். அது முயலின் ரத்த அழுத்தத்தை இறக்கியது, குடலைச் சுருங்க வைத்தது. அந்தத் தூள் தயாரிப்பைக் குறிக்கப் போட்ட எழுத்துதான் பி. வலி பற்றி அப்போது யாரும் நினைக்கவே இல்லை. 1953-இல்தான் லெம்பெக் தண்டுவடத்தின் பின்வேர்களில் இது நிறைய இருப்பதைப் பார்த்து, உணர்வு நரம்பின் தூதாக இருக்குமோ என்றார்.

அதன் அமைப்பு தெரியவந்த கதை இன்னும் வேடிக்கை. சூசன் லீமன் வேறொரு ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டின் ஹைபோதலாமஸ் சாற்றின் ஒரு பகுதியைச் செலுத்தினால் எலிக்கு எச்சில் ஊற்றெடுத்தது. தேடியதை விட்டுவிட்டு அந்த எச்சிலின் பின்னால் போனார், 1971-இல் பதினொரு அமினோ அமிலங்களும் வரிசையாகத் தெரிந்தன, பார்த்தால் பழைய சப்ஸ்டன்ஸ் பி. குடலில் சுருக்கம், வாயில் எச்சில், தண்டுவடத்தில் வலிச் செய்தி, எல்லாம் ஒரே சரம். செய்தித்தாளில் "வலி ரசாயனம்" என்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான். சரத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது, யார் காதில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பச்சை மிளகாய் அரிஞ்சா கை எரியுதே, அது எந்த ரிசெப்டர்?

அது பெப்டைடு ஏற்பி இல்லை. மிளகாயின் கேப்சைசின் போய் உட்காருவது டி.ஆர்.பி.வி-1 என்கிற வாயிலில் (நரம்பின் சவ்வில் உள்ள கதவு), சூடு பட்டாலும் திறப்பது அதே வாயில். அதனால்தான் "எரியுது" என்கிறோம், வாய் பொய் சொல்லவில்லை. டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் இதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கும் படபூட்டியனுக்கும் நோபல். பறவைகளின் வாயிலில் கேப்சைசின் வேலை செய்யாது, கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்பது அப்படித்தான்.

பெப்டைடு வருவது அடுத்த கட்டத்தில். வாயில் திறந்து நரம்பு துடித்ததும் இரண்டு முனையிலும் சப்ஸ்டன்ஸ் பி-யும் சி.ஜி.ஆர்.பி-யும் வெளியே வரும். தண்டுவட முனையில் வலிச் செய்தி. தோல் முனையில் சி.ஜி.ஆர்.பி ரத்தக்குழாயை விரிக்கும், சப்ஸ்டன்ஸ் பி குழாயிலிருந்து நீரைக் கசிய விடும், சிவந்து உப்புவது அதனால். இன்னொன்று, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அரை கிலோ மிளகாய் அரிந்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவிய கையால் கண்ணைத் துடைத்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் எண்ணெய் தடவித் தேய்த்து, அப்புறம் சோப்பு.

ரிசெப்டர் செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குமாமே, நிஜமா?

நிஜம், எனக்குப் பாடத்திலேயே பிடித்த இடம் இது. 1995-இல் பேட்ரிக் மான்டியும் கூட இருந்தவர்களும் எலியின் பாதத்தில் கேப்சைசின் ஊசி போட்டு, தண்டுவடத்தின் முதல் அடுக்கில் உள்ள என்கே-1 ஏற்பிகளை நிறமேற்றிப் பார்த்தார்கள். ஊசிக்கு முன் ஏற்பிகள் செல்லின் ஓரத்தில் கோடு போட்டது போல வரிசையாக இருந்தன. சில நிமிடங்களில் ஓரம் காலி, உள்ளே புள்ளி புள்ளியாகப் பைகள். வழவழப்பாக இருந்த கிளைகள் பாசிமணி கோத்த மாதிரி முண்டும் முடிச்சுமாக மாறிவிட்டன. ஒரு மணி நேரத்தில் ஏற்பிகள் மேலே திரும்பி வந்து எல்லாம் பழையபடி.

பெப்டைடைப் பிடித்த ஏற்பியை செல் அப்படியே உள்ளே இழுத்து, பெப்டைடைக் கழற்றிவிட்டு, ஏற்பியைத் திரும்ப மேலே அனுப்புகிறது. இதை மறக்காதீர்கள், அடுத்த பதிலில் ஒரு வில்லத்தனமான உபயோகம் வருகிறது.

அப்படின்னா அந்த என்கே-1-ஐ அடைச்சிட்டா வலி போயிடுமே? ஏன் மருந்துக்கடையில அந்த மாத்திரை இல்ல?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1991-இல் என்கே-1-ஐ அடைக்கிற, பெப்டைடு அல்லாத முதல் மருந்து வந்தது, அப்புறம் வரிசையாக வேறு கம்பெனிகளும் இறங்கின. விலங்குகளில் பலன் நன்றாகவே தெரிந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மூட்டு வலி, ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி என்று. ஒன்றிலும் தேறவில்லை. அவ்வளவு பணம், அவ்வளவு வருஷம். கடைசியில் அந்தக் குடும்பத்து அப்ரெபிடன்ட் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது வேறு வேலைக்கு: கீமோதெரபிக்குப் பின் வருகிற வாந்தி. மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்புகிற இடத்திலும் இதே என்கே-1 ஏற்பிதான், அங்கே அடைத்தால் நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் கேள்விக்கு நேர் பதில், மாத்திரை இருக்கிறது, வலி மாத்திரை அலமாரியில் இல்லை.

ஏன் தோற்றது? சி இழை தண்டுவடத்தில் விடுவது சப்ஸ்டன்ஸ் பி மட்டுமில்லை. குளூட்டமேட் வருகிறது, சி.ஜி.ஆர்.பி வருகிறது, இன்னும் பலதும். முதல் கேள்வியிலேயே பார்த்தோம், சாதாரணத் துடிப்புக்கு குளூட்டமேட்டே போதும். பல காது உள்ள செல்லில் ஒரு காதில் பஞ்சு வைத்தால் கேட்காமல் போய்விடுமா?

இப்போது அந்த வில்லத்தனம். 1997-இல் மான்டி குழு சப்ஸ்டன்ஸ் பி-யோடு சபோரின் என்ற விஷத்தைக் கட்டி எலியின் தண்டுவடத் திரவத்தில் செலுத்தியது. சபோரின் ஒரு சோப்புச் செடியிலிருந்து வருவது, தனியாக செல்லுக்குள் நுழையத் தெரியாது. என்கே-1 உள்ள செல் வழக்கம் போல பெப்டைடை உள்ளே இழுத்தது, கூடவே விஷமும் போனது, செல் செத்தது. என்கே-1 இல்லாத பக்கத்து செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எலிகளுக்குச் சாதாரணச் சூடும் கிள்ளலும் ஏறக்குறைய முன்போலவே தெரிந்தன, ஆனால் காயத்துக்குப் பின் தொட்டாலே துடிக்கிற அந்த மிகை வலி வெகுவாகக் குறைந்தது. ஏற்பியை அடைப்பதும் ஏற்பி வைத்திருக்கிற செல்லையே எடுப்பதும் ஒன்றல்ல. எலும்புப் புற்று வந்த நாய்களுக்கு இதே முறையைப் பயன்படுத்தி வலி குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வும் வந்தது.

மைக்ரேனுக்கு மாசம் ஒரு ஊசின்னு சொல்றாங்களே, அதுவும் இதே வகையா?

இந்தக் குடும்பம்தான், ஆனால் இடம் தண்டுவடம் இல்லை. முகம், தலைக்கான உணர்வு செல்களின் உடல்கள் மண்டைக்குள் முப்பெரு நரம்பின் முடிச்சில் இருக்கின்றன. மேலே சொன்ன பின்வேர் முடிச்சின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே முக்கியமான பெப்டைடு சி.ஜி.ஆர்.பி. அதன் ஏற்பி கொஞ்சம் விசித்திரம், இரண்டு புரோட்டீன்கள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் அந்த ஜோடியின் மேல் போய் ஒட்டுகிற ஆன்டிபாடி. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, மூளைக்குள் சுலபத்தில் நுழையாது, ஆனால் அந்த முடிச்சு மூளையின் காவலுக்கு வெளியே இருப்பதால் எட்டிவிடுகிறது. சப்ஸ்டன்ஸ் பி கைவிட்ட இடத்தில் சி.ஜி.ஆர்.பி கைகொடுத்தது. இதற்கும் எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை.

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்ட அன்னிக்கு மூக்கு, முகமெல்லாம் ஒரே அரிப்பு அண்ணி. மருந்து அலர்ஜியா?

நாத்தனார் கேட்டது. மறத்துப்போகிற மருந்தோடு சொட்டு மார்ஃபின் சேர்த்துப் போடுவது வழக்கம், 100 முதல் 150 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். தண்டுவடத்தின் மியூ ஏற்பிகளுக்குப் பக்கத்திலேயே போய் விழுவதால் அது போதும். 1976-இல் யாக்‌ஷும் ரூடியும் எலிகளில் காட்டினார்கள், 1979-இலேயே மனிதர்களுக்குப் போட்டாகிவிட்டது. இதன் பக்க விளைவுதான் அந்த அரிப்பு, ரொம்பப் பேருக்கு வரும், பெரும்பாலும் அலர்ஜி இல்லை. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்று சேர்ந்து வந்தால் கதை வேறு, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

தண்டுவடத்தில் அரிப்பை அடக்கி வைக்கிற செல்கள் சில உண்டு. அவற்றின் மேலும் மியூ ஏற்பி இருக்கிறது, மார்ஃபின் அவற்றையும் தூங்க வைத்துவிடுகிறது, வாட்ச்மேன் தூங்கினால் அரிப்புக்குக் கொண்டாட்டம். எலிகளில் கிடைத்திருக்கிற விளக்கம் இது. அலர்ஜி ஊசி இதற்குப் பெரிதாக உதவாததும், மியூ ஏற்பியிலிருந்து மார்ஃபினைத் தள்ளிவிடுகிற நலாக்சோன் உதவுவதும் இதோடு பொருந்துகிறது.

அரிப்புங்கிறது சின்ன வலிதானே?

ரொம்ப நாள் அப்படித்தான் பாடம் நடந்தது. 2007-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜி.ஆர்.பி என்ற பெப்டைடின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள். வலி மாறவில்லை, சொறிவது குறைந்தது. 2009-இல் அதே குழு அந்த ஏற்பி உள்ள செல்களையே அழித்தது. எப்படி? மேலே சொன்ன சபோரின் வித்தைதான், இந்த முறை தவளைத் தோலில் முதலில் கண்டெடுத்த பாம்பெசின் என்ற, அதே ஏற்பியில் உட்காருகிற பெப்டைடோடு கட்டி. சொறிவது ஏறக்குறைய நின்றேபோனது, வலி மட்டும் அப்படியே. சொறிந்தால் சுகமாக இருப்பது ஏன் என்றால், சொறிவது ஒரு குட்டி வலி, அது அடக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது.

நம்ம உடம்பே மார்ஃபின் தயாரிக்குதாமே? இடிச்ச இடத்தைத் தேய்ச்சா வலி குறையறது அதனாலயா?

முதல் பாதி ஏறக்குறைய சரி. மூளையில் மார்ஃபினுக்கான ஏற்பி 1973-இல் தெரிந்துவிட்டது. கசகசாச் செடியின் சரக்குக்கு நம் தலைக்குள் எதற்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்று தேடப்போய், 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் அந்த நாற்காலியில் உட்காருகிற என்கெஃபலினைக் கண்டுபிடித்தார்கள். தண்டுவடத்தின் இரண்டாம் அடுக்கில் என்கெஃபலின் செல்கள் நிறைய உண்டு.

தேய்ப்பது வேறு கணக்கு. தொடு உணர்வின் தடித்த இழைகள் வலியின் வழியை மறிக்கின்றன, 1965-இல் மெல்சாக்கும் வாலும் சொன்ன கதவு இது. அதன் நுணுக்கங்கள் பிற்பாடு நிறைய மாறின. அங்கே முக்கிய வேலை காபா, கிளைசின் போன்ற, செல்லை அடக்குகிற வேகமான ரசாயனங்களுடையது, தேய்த்த உடனே குறைவது அதனால்தான்.

நரம்பே அடிபட்டா இந்த ரிசெப்டர் எல்லாம் என்ன ஆகும்?

கடை மாறிவிடும். அறுந்த நரம்பின் செல் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி உற்பத்தியைக் குறைத்து, காலனின், நியூரோபெப்டைடு ஒய் என்று அதுவரை அதிகம் செய்யாததைச் செய்யத் தொடங்கும். முடிச்சில் மியூ ஏற்பியும் குறையும், நரம்பு வலிக்கு மார்ஃபின் அவ்வளவாகப் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். வீக்கத்தால் வருகிற வலியில் நேர்மாறு, சப்ஸ்டன்ஸ் பி கூடும். மாமாவின் மூட்டு வலியும் சர்க்கரைக்காரரின் கால் எரிச்சலும் ஒரே மாத்திரைக்கு மசியாதது ஏன் என்று இனி என்னிடம் கேட்க வேண்டாம்.

சப்ஸ்டன்ஸ் பி-யே இல்லாத விலங்கு இருக்கா?

முழுக்க இல்லாதது என்று சொல்ல முடியாது, ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழ்கிற, முடியில்லாத துன்னெலி ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். அதன் தோலுக்குப் போகிற சி இழைகளில் சப்ஸ்டன்ஸ் பி-யும் சி.ஜி.ஆர்.பி-யும் இல்லை. கிள்ளினால் தெரியும், சுட்டால் தெரியும். பாதத்தில் கேப்சைசினோ அமிலமோ செலுத்தினால் சட்டையே செய்யாது.

சரி, சப்ஸ்டன்ஸ் பி-யைக் கொடுத்துப் பார்த்தால்? 2008-இல் வந்த ஆய்வில் ஒரு வைரஸ் மூலம் அதற்கான ஜீனை ஒரு பாதத்தின் நரம்புகளுக்குள் அனுப்பினார்கள். வாங்குகிற பக்கத்தில் ஏற்பி ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது, கேப்சைசின் போட்டதும் துன்னெலி அந்தப் பாதத்தை நக்க ஆரம்பித்தது. அமிலத்துக்கு மட்டும் அப்போதும் அசையவில்லை. அதற்குக் காரணம் பெப்டைடு இல்லை, அதன் நரம்பில் உள்ள சோடிய வாயிலை அமிலமே அடைத்துவிடுகிறது, துடிப்பு கிளம்புவதே இல்லை என்று 2011-இல் தெரிந்தது.